தாடைக்கடியில் ஓர் ஆமை

பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் எச்சில் விழுங்கினார். தியெப்பும் விழுங்கினாள். அவர் மறுபடி விழுங்கினார், இவளும் மறுபடி. மூன்றாவது முறை அந்த மனிதர் சட்டைக் காலரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்.

ஹனோயில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் உண்டு, செருப்பைப் பார்த்து எடை போடுகிறவர்களும் உண்டு. தியெப் தொண்டையைப் பார்ப்பாள். குளிர்காலத்தில் கழுத்தில் துண்டு சுற்றியிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை அவளுக்கு அடையாளம் தெரியாது. வெயில் வந்து துண்டு இறங்கியதும், "அட, வாங்க! எப்ப ஊர்லேர்ந்து வந்தீங்க?" என்பாள். அவர் எங்கும் போயிருக்க மாட்டார்.

ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், விழுங்கத் தடுமாறுகிறவர்களின் தாடைக்கடியில் ஒட்டு போடுவது அவள் தொழில். ஈ.சி.ஜி. எடுக்க மார்பில் ஒட்டுவார்களே, அதன் தம்பி. ஸ்பிரிட் பஞ்சால் தோலைத் துடைத்து, தாடி இருந்தால் மழித்து, மூன்று ஒட்டுகளை ஒட்டி வயரை மாட்டுவாள். ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. விழுங்கும் தசை இழுக்கிற இழுப்பு திரையில் கோடாக எழும்பும். அந்தக் கோட்டுக்குப் பெயர் வைத்தவளும் அவளே. தெற்கே மெக்கோங் ஆற்றுப் பக்கம் பிறந்தவள் வேறென்ன பெயர் வைப்பாள்? ஒரே மூச்சில் விழுங்கினால் எழும் உருண்டை மேடு 'ஆமை'. இரண்டு தவணையாக விழுங்கினால் 'எருமைக் கொம்பு'. விழுங்காமல் பேசிக்கொண்டே இருந்தால் கோடு குட்டிக் குட்டியாகத் துள்ளும். அது 'வாத்துக் கூட்டம்'.

"விழுங்குங்க" என்று நோயாளியிடம் சொல்லும்போதெல்லாம் அவளும் சேர்ந்து விழுங்கிவிடுவாள். நண்பகலுக்குள் வாய் காய்ந்து, உப்பு எலுமிச்சைத் துண்டு ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். இயந்திரம் கைக்கு வருமுன்பே இந்தக் கிறுக்கு உண்டு. கல்யாணம் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்க வந்த வடக்கத்திப் பையன், வாயைத் திறக்குமுன் இரண்டு தடவை விழுங்கினானாம். "ரெண்டும் சுத்தமான ஆமை. அதுக்கு மேல என்னத்தப் பாக்கணும்?" என்பாள் இன்றைக்கும்.

அந்த ஆமைகளோடு மாமியாரும் வந்து சேர்ந்தார். ஹனோயில் சாப்பிட உட்கார்ந்தால் இளையவர்கள் மூத்தவர்களை வயது வரிசைப்படி கூப்பிட வேண்டும். தாத்தா சாப்பிடுங்க, பெரியம்மா சாப்பிடுங்க, அண்ணி சாப்பிடுங்க என்று முடிப்பதற்குள் சூப் ஆறி ஆடை கட்டிவிடும். யாராவது விட்டுப்போனால், கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன மாமாவைப் போல முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். தியெப் பிறந்த வீட்டில் அந்த வழக்கம் இருந்ததில்லை. உட்கார்ந்தால் சாப்பிடுவார்கள்.

"கிண்ணம் வெச்சாச்சு, குச்சி வெச்சாச்சு. பசிச்சவங்களுக்கு வாய் இருக்கு. இதுல பத்திரிகை வேற வெக்கணுமா?"

மாமியார் இருபத்திரண்டு வருடமாகச் சுவரைப் பார்த்துச் சொல்லும் பதில்: "தெக்கத்திப் பொண்ணு. கூப்பிடத் தெரியாது. சாப்பிட மட்டும் தெரியும்."

போன செவ்வாய்க்கிழமை காலை தியெப்பின் நாற்காலிக்கு வந்தவர் பெயர் லொக். இருமலைப் பெயராக வைத்துக்கொண்டவர் என்று நினைக்க வேண்டாம். அங்கே அதற்குச் செல்வம் என்று பொருள். பேட்டை ஒலிபெருக்கியில் முப்பது வருடம் அறிவிப்பு வாசித்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து மூன்று வாரமாகக் கெட்டிக் கஞ்சிதான் ஆகாரம். "கஞ்சியா இது? சுவத்துல நோட்டீஸ் ஒட்டலாம்!" என்றார். அவர் கேட்பது ஒரு கிண்ணம் ஃபோ நூடுல்ஸ். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், "தசைக்குப் பலம் வந்திருக்கான்னு பாக்கணும். பதினோரு மணிக்கு வரேன். அஞ்சு நல்ல கோடு காட்டுங்க. இல்லாட்டி இன்னும் மூணு வாரம் கஞ்சி" என்று சொல்லிப் போயிருந்தார்.

தியெப் ஒரு கரண்டிக் கஞ்சியை நீட்டினாள். "விழுங்குங்க, பெரியப்பா."

லொக் கரண்டியை வாங்கினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒலிபெருக்கிக் குரல் எழுந்தது. "நர்சம்மா, சாப்பிடுங்க. வீட்டுக்காரம்மா, சாப்பிடு. அடுத்த கட்டில் தம்பி, சாப்பிடுங்க. வராந்தா துடைக்கிற அம்மா, சாப்பிடுங்க."

திரையில் வாத்துகள்.

"பேசாதீங்க, பெரியப்பா! நான் எடுக்குறது விழுங்குற கணக்கு. நீங்க செய்தி வாசிக்கிறீங்க."

அவர் கஞ்சியை வாயில் போட்டுக்கொண்டார். கன்னம் உப்ப, கண்ணை உருட்டி, எதற்கோ காத்திருந்தார்.

"விழுங்குங்க!" தியெப் விழுங்கினாள். அவர் விழுங்கவில்லை. "விழுங்குங்கன்னா!" மறுபடி அவள் மட்டும். கடைசியில், பெயருக்குப் பொருத்தமாக, லொக் என்று ஓர் இருமல்.

ஏழு கரண்டி இப்படிப் போயிற்று. அடுத்த கட்டில் தம்பியை வெளியே அனுப்பினாள். வராந்தாக் கதவைச் சாத்தினாள். லொக் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மிஷின் ஐயா, சாப்பிடுங்க" என்றார். மணி பத்து நாற்பது. திரையில் மெக்கோங் டெல்டாவின் மொத்த வாத்துகளும் நின்றன. ஓர் ஆமைகூட இல்லை.

மடியில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி மெல்லச் செருமினார். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. வீட்டுல பேத்தி தெனமும் 'தாத்தா சாப்பிடுங்க'ம்பா. அவ சொல்லாம குச்சியையே தொட மாட்டாரு. நீ வயசுல சின்னவ. அவரு உன்னை அத்தனை தரம் கூப்பிட்டாரு, நீ ஒரு தரமாவது திருப்பிக் கூப்பிட்டியா? 'விழுங்கு விழுங்கு'ன்னு அதட்டுனா மனுசன் எப்படிம்மா விழுங்குவாரு?"

தியெப் திரையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்துக் கொள்கை தொண்டையில் வந்து நின்றது. சிரமப்பட்டு விழுங்கினாள், எருமைக் கொம்புதான், சந்தேகமில்லை.

"பெரியப்பா... சாப்ங்க."

"காதுல விழல" என்றார் லொக். அறிவிப்பாளர் அல்லவா, உச்சரிப்பில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"பெரியப்பா, சாப்பிடுங்க!"

கஞ்சி உள்ளே போனது. திரையில் கோடு எழுந்தது, உருண்டது, இறங்கியது. கொழுத்த ஆமை.

இரண்டாவதுக்கு, "பெரியம்மாவையும் சேத்துக் கூப்பிடு" என்றார். மூன்றாவதுக்கு, "சிரிச்ச மொகமா." நான்காவதுக்குத் தியெப் தானாகவே தலையைத் தாழ்த்திக் கூப்பிட்டாள். ஐந்தாவது ஆமை நீந்திக் கரையேறும்போது டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோடுகள் பதிந்த தாளைப் பார்த்து, "ஃபோ சாப்பிடலாம். நூடுல்ஸைச் சின்னதா வெட்டிப் போடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். மனைவி ஃப்ளாஸ்க்கைத் திறந்தார். லொக் நிமிர்ந்து, "டாக்டர் தம்பி, சாப்பிடுங்க..." என்று தொடங்கினார். தியெப் வயரைக் கழற்ற மறந்திருந்தாள். திரையில் வாத்துகள் அணிவகுத்தன.

அன்று மாலை வீட்டில் சாப்பாடு. வறுத்த மீன், கீரை சூப். மாமியார் முதல் வாய்ச் சோற்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். காலை முழுக்கப் பழகிய வாய், தியெப்பைக் கேட்காமலே திறந்தது.

"அத்தை, சாப்பிடுங்க."

மீன் முள் நீக்கிக்கொண்டிருந்த கணவன் இரண்டு தடவை விழுங்கினான். மாமியார் அசையவில்லை. குச்சி அந்தரத்தில் நின்றது. கன்னத்துச் சோறு கன்னத்திலேயே இருந்தது. பார்வை மட்டும் சுவரிலிருந்து மெதுவாகத் திரும்பி, மருமகளின் முகத்துக்கு வந்தது.

தியெப் தன் குச்சிகளைக் கீழே வைத்தாள். கை நீட்டி, மூன்று விரல்களை மாமியாரின் தாடைக்கடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.