தோசைக்கல்லோடு மலைக்கோட்டை ஏறியது

ஹம்பிக்குத் தனியாகப் போகிறேன் என்று நான் சொன்னதும் என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். அவர் பேப்பரை மடித்தால் பேச்சு நீளும். கல்லைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா, நம்ம புத்தூர் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் திருச்சி மலைக்கோட்டை தெரிகிறதே என்றார். முழங்கால் வலியோடு அவரால் வர முடியாது. வந்தாலும் இரண்டு பெட்டி, ஒரு ஏர்பேக், ஒரு கட்டைப்பை, ஒரு தண்ணீர்க் கேன் என்று வீட்டையே பெயர்த்துக்கொண்டுதான் வருவார். நான் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"உன் பையை நீயேதான் தூக்கிட்டுப் போகணும், நீயேதான் தூக்கிட்டு வரணும். போர்ட்டரு, பக்கத்து சீட்டுக்காரருன்னு ஒருத்தர் கையும் படக்கூடாது. முடியும்னா போ. முடியலைன்னா தனியாப் போற பேச்சை இத்தோட விட்டுடு."

பேரன் எடுத்த வயதில் எனக்கு நிபந்தனையா என்று கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நிபந்தனை எனக்குப் பிடித்திருந்தது. நானே போட்டிருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

பாலக்கரையில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு எடுத்தவள் நான். விஜயநகரப் பாடம் வரும்போது ஹம்பியின் கல்தேர் படத்தைக் காட்டுவேன். வருஷம் தவறாமல் ஒருத்தி எழுந்து, நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா டீச்சர் என்று கேட்பாள். இல்லை, இல்லை என்று சொல்லியே ரிடையர் ஆகிவிட்டேன். அந்த இல்லையை மாற்றத்தான் இந்தப் பயணம்.

பை கட்ட உட்கார்ந்தபோது முதலில் ஒரு சொல்லைத் தடை செய்தேன். 'எதுக்கும் இருக்கட்டும்.' எங்கள் வீட்டில் எந்தப் பெட்டி கனத்தாலும் அதற்கு இந்த ஒரு சொல்தான் காரணம். ஸ்வெட்டர் எதுக்கும் இருக்கட்டும், டார்ச் எதுக்கும் இருக்கட்டும், பெருங்காய டப்பா எதுக்கும் இருக்கட்டும். மதுரைக்கு ஒரு நாள் கல்யாணத்துக்குப் போனபோதுகூட இஸ்திரிப் பெட்டி வந்தது. இந்த முறை அதெல்லாம் கிடையாது. புடவையே வேண்டாம் என்று முடிவு செய்து, தெப்பக்குளம் பக்கம் போய் இரண்டு சுடிதார் வாங்கினேன். வாழ்நாளில் முதல் சுடிதார். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு மெல்லிய துண்டு, மாத்திரை, சோப்பில் பாதி. தோளில் மாட்டும் ஒரே பை.

அந்த நேரத்தில்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து நாத்தனார் வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. எங்கள் குடும்பத்தில் ஒருவர் ரயில் ஏறப்போவது தெரிந்தால் போதும், அந்த வழியில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு பார்சல் தயாராகிவிடும். மாட்டேன் என்றால் உறவையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதும் மரியாதை இல்லை. நான் பெங்களூரில் வண்டி மாறுவேன், அங்கே அவள் மகள் இருக்கிறாள். சின்ன பார்சல்தான் அண்ணி, ஸ்டேஷனுக்கே வந்து வாங்கிப்பா என்று துணியில் சுற்றிய பார்சலைக் கட்டிலில் வைத்தாள். கட்டில் லேசாக முனகியது. நான் வாங்கிக்கொண்டேன். அத்தனை வருஷப் பழக்கம் கையை நீட்ட வைத்துவிட்டது.

மறுநாள் காலை பார்சலையும் பைக்குள் திணித்து, அதை மாட்டிக்கொண்டு மலைக்கோட்டைக்குப் போனேன். அவர் சொன்ன கல்லிலேயே என்னைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றுதான். செருப்பு வைக்கும் இடத்தில் இருந்த அம்மா, பையையும் இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வேண்டாம், பைதான் மேலே போகணும் என்றேன். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

தாயுமானவர் சன்னதி வரை வைராக்கியத்தில் ஏறிவிட்டேன். அதற்கு மேல் தோள்பட்டை எரிந்தது. வாரைப் பிடித்து இழுத்தாலும் பை ஒரு பக்கமாகவே சாய்ந்தது. ஒரு கல்லூரிப் பையன் பையைக் குடுங்க பாட்டி என்றான். அந்தப் 'பாட்டி' என்ற சொல்லுக்காகவே இன்னும் கொஞ்சம் ஏறினேன். பிறகு முடியவில்லை. உட்கார்ந்து, மரியாதையாவது ஒன்றாவது என்று பார்சலைப் பிரித்தேன். பழைய புடவைக்குள் பேப்பர், பேப்பருக்குள் எண்ணெய் ஊறிக் கறுத்துப் பளபளத்த ஒரு இரும்புத் தோசைக்கல்.

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குடும்பத்துக்காக நான் எங்கெங்கோ தூக்கிப் போன பானைகளும் ஜாடிகளும் ஞாபகம் வந்தன. எதிலும் எனக்கென்று ஒன்றும் இருந்ததில்லை. அந்தக் கல்லையும் தூக்கிக்கொண்டு உச்சிப் பிள்ளையார் வரை ஏறினேன். தோற்றுப்போய் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

கல்லைப் பார்த்ததும் நாத்தனாரின் முகம் சுருங்கிவிட்டது. புதுக்கல்லைப் பழக்க மாசக்கணக்கில் ஆகும், இதில் எண்ணெய் விடாமலே தோசை எழும்பி வரும், மகளுக்காக ஆசையாகக் கொடுத்தேன் என்றாள். எல்லாம் நியாயம்தான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"ஒரே ஒரு கல்லுதானே அண்ணி. அதுக்குக்கூட உங்க பையில எடம் இல்லையா?"

"இல்லம்மா. இந்தத் தடவை நான் போறதுக்கு மட்டுந்தான் எடம் இருக்கு."

அவள் காபி போடவில்லை. நானும் கேட்கவில்லை. காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது மடி காலியாக இருந்தது, மனசு கனத்தது. ஆனாலும் திரும்பிப் போய்க் கல்லை வாங்கிவிடலாம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

கிளம்பும் நாளில் அவர் ஜங்ஷனுக்கு வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் பழக்க தோஷத்தில் பைக்குக் கையை நீட்டினார். நான் நகர்ந்துகொண்டேன். எஸ்கலேட்டரில் அவர் போனார், நான் படியில் ஏறினேன். நடைமேடையில் எனக்கு முன்னால் நின்று, மூச்சு வாங்காத என்னை ஏற இறங்கப் பார்த்தார். தங்கை போன் செய்தாளாம், கல்லைக் கூரியரில் அனுப்பிவிட்டாளாம், உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள் என்றார். இருக்கட்டும், வந்து பேசிக்கொள்கிறேன் என்றேன்.

வண்டி வந்தது. ஏறி, பையை நானே மேலே தூக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். அவ்வளவு நேரமும் மறைத்தே வைத்திருக்கிறார்.

"எதுக்கும் இருக்கட்டும்," என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கி, அங்கேயே நின்று, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, காலி பாட்டிலை அவர் கையிலேயே கொடுத்தேன்.