மாடியில் விரித்த பிளாஸ்டிக் புல்

கத்திரி அக்கா என்ற பெயர் அவள் துணி வெட்டும் கத்திரியால் வந்தது என்று அவள் கணவர் சொல்வார். வாயால் வந்தது என்பது தெருவுக்கே தெரியும். அரசு அலுவலகத்தின் பின்சுவரை ஒட்டிய சந்தில் அவளுடைய தையல் கடை. ஒரே அறை, அதுவும் தெருவைவிட ஒரு படி பள்ளம். அலுவலக மொட்டைமாடியில் பெய்கிற மழையெல்லாம் குழாய் வழியாக அந்தச் சந்தில்தான் வந்து கொட்டும். வானம் இருட்டினாலே அவள் தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றி அலமாரி உச்சியில் வைத்துவிடுவாள்.

கணவர் அதே அலுவலகத்தில் வாட்ச்மேன். மாடியில் மண் கொட்டிப் புல் வளர்க்கப் போகிறார்கள் என்று அவர் வந்து சொன்னபோது, "ஏங்க, மேல மாடு கட்டப் போறாங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். ஆனால் மண் கொட்டிப் புல் முளைத்த பிறகு பெய்த முதல் மழையில் அவள் வாயே அடைத்துப்போனது. கொட்டுகிற குழாயில் நூல் மாதிரிதான் தண்ணீர் வந்தது. பெய்ததையெல்லாம் மண் குடித்துவிட்டு, மழை ஓய்ந்த பிறகு சாவகாசமாகக் கசியவிட்டது. வெளியே சோவென்று பெய்ய, அவள் உள்ளே கால் நனையாமல் உட்கார்ந்து தைத்தாள். அன்று முழுக்க அவள் யாரையும் திட்டவில்லை.

அப்புறம் நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். பசுமைக் கட்டடங்களுக்கு ஏதோ விருதாம், பார்வையிட ஆட்கள் வரப்போகிறார்களாம். பெரிய அதிகாரி மாடி ஏறிப் பார்த்தார். கோடை வெயிலில் புல் பழுத்துத் துடைப்பம் மாதிரி கிடந்தது. நாலு மழை பெய்தால் தானே துளிர்க்கும். அதுவரை பொறுக்க மனுஷனுக்கு முடியவில்லை. மண்ணை மொத்தமாக வாரச் சொல்லிவிட்டு, வெறும் தளத்தின்மேல் பச்சைப் பசேலென்று பிளாஸ்டிக் புல்பாயை விரித்தார். கூட்ட அறைக்கும் பச்சை நிறத்தில் திரை வேண்டும் என்று கத்திரி அக்காவிடமே சொல்லி அனுப்பினார்.

அவள் நேராகப் போய்க் கேட்டாள். "மண்ணை எடுத்துட்டீங்களே சார், தண்ணி மறுபடி எங்க கடைக்குத்தானே வரும்?"

"இதுவும் பசுமைதாம்மா. வாடவே வாடாது," என்றார் அதிகாரி, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வந்து திரைகளைத் தைத்து முடித்தாள்.

விருதுக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள், நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அடித்துப்பிடித்து ஓடி வந்து பார்த்தால் கடைக்குள் முழங்கால் தண்ணீர். மோட்டார் மூழ்கிக் கிடந்தது. கீழே மடித்து வைத்திருந்த திரைகள் சாக்கடைச் சேற்றில் ஊறிக் கிடந்தன. படியில் உட்கார்ந்து அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

"விடு, வேற துணி எடுத்துக்கலாம். சண்டை கிண்டை போட்டு என் வேலைக்கு உலை வெச்சுடாதே," என்றார் கணவர்.

"உங்க வேலை மேல பத்திரமா இருக்கு. என் வேலை இதோ தண்ணிக்குள்ள கிடக்கு, பாருங்க."

மறுநாள் காலை அந்தத் திரைகளை அலசாமல் கொள்ளாமல் அள்ளிக்கொண்டு கூட்ட அறைக்குப் போனாள். ஏணியைச் சாத்தி, ஒவ்வொன்றாக ஜன்னல்களில் மாட்டினாள். வாசலில் நின்ற கணவருக்கு உயிரே போய்விட்டது. ஏணி ஆடியது. சுற்றும் முற்றும் பார்த்தார், பிறகு வந்து பிடித்துக்கொண்டார்.

கடைசித் திரையை மாட்டும்போது அதிகாரி விருந்தாளிகளோடு உள்ளே நுழைந்தார். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்னம்மா இது?"

"நீங்க கேட்ட திரை சார்."

"ஒரே சேறு! நாறுது!"

"தையல் மட்டும்தான் என்னோடது. சேறு உங்க மாடித் தண்ணி கொண்டாந்தது. மண்ணு இருந்த வரைக்கும் என் கடைக்குள்ள ஒரு சொட்டு வரலை. பிளாஸ்டிக்கை விரிச்சீங்க, என் பொழைப்பு மூழ்கிடுச்சு."

வந்தவர்களில் வயதான ஒரு பெண்மணி அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். "பிளாஸ்டிக்கா? விண்ணப்பத்துல நிஜப் புல்லுன்னுதானே எழுதியிருந்தீங்க?"

அதிகாரிக்கு முகம் செத்துவிட்டது. வாட்ச்மேன் பக்கம் திரும்பிச் சீறினார். "என்னய்யா வேடிக்கை பாக்கறே? முதல்ல இதையெல்லாம் கழட்டு!"

கணவர் ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை. குரல் தெளிவாகவே வந்தது.

"கழட்டிடறேன் சார். மாடி மேல இருக்கற புல்பாயிலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?"