சிவபாதத்துக்கு நான் வைத்த பெயர்

சிவபாதத்தின் பெயரை இல்லாமல் செய்தவன் நான். இதைச் சொன்னால் நெஞ்சு அடைக்கும், கண் கலங்கும் என்று பயந்து இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது எழுதிப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. எழுபதைத் தாண்டிய மனம் விறைத்த கால் மாதிரி. கிள்ளினால் யாரோ கிள்ளுகிறார்கள் என்பது தெரியும், அவ்வளவுதான்.

போன மாதம் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், மருந்துக்கடைக்கு முன்னால் ஓர் ஓட்டோ நின்றது. பின்கண்ணாடியில் ஓர் உதைபந்தின் படம். அதற்கு மேலே வளைத்து, நெருப்புப் பிடித்தது போன்ற எழுத்தில், ‘பாதை’. நான் மருந்தை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாரதி தலையை வெளியே நீட்டினான். “ஐயா, ஏறப்போறீங்களோ?” இல்லை என்று தலையாட்டினேன். ஓட்டோ போய்விட்டது. பெற்றோல் மணம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

அந்தக் காலத்தில் எங்கள் உதைபந்து மைதானத்துக்கும் அதே மணம்தான். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தரும் ஜெனரேற்றர் என் கதிரைக்குப் பின்னால் நின்று புகைத்துக்கொண்டிருக்கும். அந்த மணத்தோடு கோடு போட்ட சுண்ணாம்பும் கடல் காற்றும் சேரும். எனக்கு உதைபந்தாட்டத்தில் பைத்தியம். ஆனால் நான் உதைத்தால் கால் பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் படும். தமிழ் படிப்பிக்கிறவர், வாய் இருக்கிறது என்று உதைபந்துக் கழகத்தார் ஆட்டத்தை விவரிக்க ஒலிவாங்கியை என்னிடம் தந்தார்கள். கதிரையும் ஒலிவாங்கியும் கிடைத்த நாளிலிருந்து நான் பார்த்தது ஆட்டத்தை அல்ல, சனத்தின் பற்களைத்தான். ஒரு தடவை சிரிக்க வைத்துவிட்டால் போதும், அடுத்த சிரிப்பு வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

நீங்கள் வெளியூர் என்றால் இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்கவேண்டும். எங்கள் பகுதியில் பாதை என்றால் தெரு மட்டும் அல்ல. பாலம் இல்லாத துறைகளில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டையான மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். அது எல்லாரும் ஏறும்வரை அசையாது. பள்ளிக்கூட மணி அடித்துவிட்டதே என்று நான் துடித்தாலும், கோழிக்கூடையோடு தூரத்தில் வரும் கிழவிக்காக அது காத்துக்கொண்டு நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போனேன். கயிறு பிடித்து இழுப்பவர்களில் கந்தையா என்று ஒருவர் இருந்தார். என் சைக்கிளைத் தானே வாங்கிப் பிடித்துக்கொள்வார். வேட்டியில் சேறு படும், தள்ளி நில்லுங்கோ வாத்தியார் என்பார். ஒரு மழைநாளில் பாதை கரையை முட்டும் நேரம் அவர் இரண்டுக்கும் இடையில் வழுக்கி விழுந்தார். பாதை அவர் மேலேயே வந்து அணைந்தது. செத்தவீட்டுக்கு நானும் போனேன். அவருடைய மனைவியைக் கண்டேன். தகப்பனுக்குக் கொள்ளி வைத்த மகனையும் கண்டேன். அந்த மகன்தான் சிவபாதம்.

ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

சில வருடங்களில் அவன் எங்கள் நகரக் கழகத்துக்கு நடுக்களத்தில் ஆட வந்தான். மற்றவர்கள் பந்து கிடைத்தவுடன் நாய் துரத்துவது மாதிரி ஓடுவார்கள். அவன் நிற்பான். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, முன்னால் நிற்பவர்கள் சரியான இடத்துக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகுதான் கொடுப்பான். அது ஒரு பெரிய கெட்டித்தனம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு பின்னேரம் ஆட்டம் மந்தமாகப் போனது. சனம் கடலை கொறித்துக்கொண்டிருந்தது. அவன் பந்தோடு நின்றான். என் வாயில் சொல் வந்துவிட்டது. சிவபாதம் அல்ல, இது சிவபாதை, எல்லாரும் ஏறும்வரை வெளிக்கிடாது என்றேன். மைதானமே சிரித்தது. ஆட்டம் முடிவதற்குள் சிவன் கழன்றுபோய்ப் பாதை மட்டும் மிஞ்சியது. கழகச் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவன்ர தகப்பன் எப்படிச் செத்தவர் எண்டு தெரியுந்தானே என்று கேட்டார். பேரைத்தானே சுருக்கினேன் என்றேன். தமிழ் படித்தவனுக்கு இப்படிப்பட்ட பதில்கள் எப்போதும் கையில் இருக்கும்.

தாய் ஆட்டம் பார்க்க வருவார். மதில் ஓரத்தில் குடையை விரித்துக்கொண்டு இருப்பார். ஆட்டத்தின் விதிகள் ஒன்றும் தெரியாது; மகன் விழுந்தால் எழும்புவார், மகன் எழும்பினால் இருப்பார். இரண்டு மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு சிவபாதம் பள்ளிக்கூட வாசலில் எனக்காக நின்றான்.

“சேர், உங்களோட ஒரு கதை கதைக்கோணும்.”

“சொல்லும் தம்பி.”

“அந்தப் பேரை விடுங்கோ சேர். என்னை என்னவும் சொல்லுங்கோ. அம்மா வாறவ. அவவுக்கு அந்தச் சொல்லைக் கேக்க ஏலாது.”

இனிச் சொல்லமாட்டேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் பாதி நேரம்வரை சொல்லவும் இல்லை. அவன் பந்தோடு நின்றதும் கோல்கம்பத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் தொடங்கினார்கள். “பாதை நிக்குது, ஏறுங்கோடா.” பிறகு எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு மைதானம் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். அதுவும் சும்மா சொல்லவில்லை. ஆளுக்கு மேல் ஆள் ஏறாதேங்கோ, பாதை தண்ணிக்குள்ளே தாண்டுபோகும் என்று சேர்த்துச் சொன்னேன். சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது. அந்தத் தாய் எழும்பிக் குடையை மடக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

கொழும்புக் கழகம் ஒன்று அவனைக் கூட்டிக்கொண்டு போனது. கூடப்போன எங்கள் ஊர்க்காரர் அங்கேயும் பாதை என்றே கூப்பிட்டார்கள். சிவபாதம் என்று சொல்ல நாக்குப் புரளாத சிங்கள வீரர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது. நான் மந்தம் என்று பகிடி பண்ணியதை அங்கே நிதானம் என்றார்கள். நாட்டு அணியில் எடுத்தார்கள். டாக்கா, காத்மண்டு என்று போனான். ஆசிரியர் அறை வானொலியில் சிங்கள அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் “பாதே, பாதே” என்பார். மற்ற ஆசிரியர்கள் என் முதுகில் தட்டுவார்கள், நான் பெற்ற பிள்ளை மாதிரி. ஒரு தமிழ்ப் பத்திரிகை, எதிரணிக்குள் வழி திறப்பதால் இவருக்குப் பாதை என்று பெயர் என்று எழுதியது. கொழும்பில் இருந்து எழுதுகிறவருக்கு எங்கள் மிதவை எங்கே தெரியும்? நான் திருத்தவில்லை. முழங்கால் போனபின் ஊருக்கு வந்து துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்தான். தாய் அதற்குள் இறந்துவிட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் கழகம் பழைய வீரர்களைக் கௌரவித்தது. ஒரே ஒரு தடவை ஒலிவாங்கியைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். கந்தையா சிவபாதம் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன் என்று தகப்பன் பெயரோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஒருவரும் கை தட்டவில்லை. யாரென்று தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த அவனும் எழும்பவில்லை. மறுபடி சொன்னேன். இளம் செயலாளர் பொறுமை இழந்து என் தோளுக்கு மேலால் குனிந்து, “எங்கட பாதை!” என்றார். சனம் ஆர்ப்பரித்தது. அவன் எழும்பி, காலை இழுத்துக்கொண்டு வந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டான்.

ஓட்டோவைக் கண்ட மறுநாள் அன்புவழிபுரத்தில் அவன் வீட்டைத் தேடிப் போனேன். கதிரை போட்டுத் தேநீர் தந்தான். நான் செய்தது பிழை, கந்தையாவை எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் செய்தேன் என்று சொன்னேன். அவன் கோபிக்கவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை.

“பிரச்சின நேரம் ஆமிச் சென்றியில மறிச்சால் நான் அந்தப் பேரைத்தான் சேர் சொல்லுறனான். பாதையோ எண்டு சிரிச்சிட்டு விட்டிடுவாங்கள். கனபேர் வீடு வந்து சேரேல்ல. நான் வந்தனான்.” தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தான். “அம்மா அதுக்குப் பிறகு நான் விளையாடினதைப் பாக்கவே இல்லை. ரேடியோவில அந்தப் பேர் வந்தால் எழும்பிக் குசினிக்குப் போயிடுவாவாம். அது மட்டுந்தான்.”

நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

உப்புவெளியில் என் வீட்டில் கொண்டுபோய் விடும்படி தன் மகனிடம் சொன்னான். மருந்துக்கடைக்கு முன்னால் கண்ட அதே ஓட்டோ, அதே சாரதி. துறைக்கு இப்போது பாலம் வந்துவிட்டது. பாதையைக் கண்டிராத பிள்ளைகள் வளர்ந்து வாகனம் ஓட்டுகிறார்கள். கடல் தெரிகிற இடத்தில் மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“அப்பாவுக்கு இந்தப் பேரை வச்சது நீங்களாமே ஐயா. எல்லாருக்கும் வழி விடுறவர் எண்டுதானே வச்சனீங்கள்? நல்ல பேர்.”

“ஓம் தம்பி, அதுதான்” என்றேன்.