பத்து விநாடி நீலத் திரை

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீட்டு முன்னறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். பத்து மணிக்குள் முடிந்துவிடும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு வருஷமாக ஒரு கம்பெனியில் உலோகப் பாகங்களை வெட்டும் சிஎன்சி மெஷின் முன்னால் நின்று வேலை பார்க்கிறேன். நின்று நின்று இரண்டு காலிலும் நரம்பு சுருண்டுகொண்டது. இப்படியே நின்றால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் டிசைன் பிரிவில் ஒரு இடம் காலியானது. உட்கார்ந்து பார்க்கிற வேலை. என்னைப் போன்ற மெஷின் ஆபரேட்டர்களும் அந்த இடத்தைக் கேட்கலாம், ஆனால் மெஷினில் பாகத்தை அசையாமல் பிடித்துவைக்கும் ஃபிக்சர் ஒன்றைச் சொந்தமாகக் கம்ப்யூட்டரில் வரைந்து திங்கட்கிழமை காலையில் காட்ட வேண்டும்.

பாதி வரைந்திருந்தேன். படத்தைத் திருப்பிப் பார்க்கலாம் என்று மவுசை நகர்த்தினால் அது நொண்டி நொண்டி நகர்ந்தது. பழைய கம்ப்யூட்டர். விற்றவர் அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். உள்ளே நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தும் அதை வேலை வாங்குகிற டிரைவர் என்ற சாஃப்ட்வேர் இல்லை. அதை ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள்.

ஒரு கன்னட வீடியோவில் ஒருவர் டீ ஆறுவதற்குள் ஏற்றிக் காட்டினார். அவர் அடித்ததையே நானும் அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தால் ஒரு எழுத்தும் திரையில் விழவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று பக்கத்து வீட்டில் இன்னொன்றை இரவல் வாங்கி வந்து அடித்தேன். அதிலும் விழவில்லை. லினக்ஸில் அப்படித்தானாம், அடிப்பது புள்ளியாகக்கூடத் தெரியாதாம். இதை முதலிலேயே ஒரு வரி சொல்லிவைத்தால் யார் குடி முழுகிப்போகும்?

நடுவில் இன்னொரு புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. எதற்கென்று புரியாமலே வைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். நீலத் திரை ஒன்று வந்தது. இங்கிலீஷில் இரண்டு வரி, கீழே பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குகிற எண். சட்டென்று எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எண் தீர்ந்தது, திரை மறைந்தது, லினக்ஸ் வழக்கம்போல் திறந்தது. ஃபிக்சர் பழையபடியே நொண்டியது.

டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மறுபடி நீலத் திரை, மறுபடி நின்றேன், மறுபடி நொண்டல். இப்படி நான்கு முறை. அதற்குள் மணி மூன்று.

"ஏங்க, கறி ஆறி எவ்ளோ நேரமாவுது. வேலியில போற ஓணான எடுத்து வேட்டியில உட்டுக்கினு இருக்கீங்களே!" என்றாள் மனைவி.

எனக்கு வந்த கோபத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கி வாசலில் போட்டிருப்பேன். நாளைக்கு அது வேண்டுமே என்பதால் விட்டேன். கடைசியில் வெட்கத்தை விட்டு, எங்கள் கம்பெனி மெயின்டனன்ஸில் இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். அவனுக்குச் சொந்த ஊர் பேரிகை, லீவுக்கு அங்கே போயிருந்தான். கதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் ஒரே கேள்வி கேட்டான்.

"அந்த நீல ஸ்கிரீன் வந்தா நீ என்னாப்பா பண்றே?"

"ஒண்ணும் பண்ணலப்பா. கைய எடுத்துட்டு நிக்கிறேன்."

"எதுக்கு நிக்கிறே?"

"தெரியாத மெசேஜ் வந்தா தொடக்கூடாதுல்ல? மெயின்டனன்ஸ் வர்ற வரைக்கும் நிக்கணும்ல?"

அவன் சிரித்த சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்டது.

"மெயின்டனன்ஸு இங்க மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு கீறான்! அது உன் கம்ப்யூட்டருப்பா. புது டிரைவர உள்ள உடலாமான்னு ஓனரக் கேக்குது. பத்து செகண்டுக்குள்ள எதனா ஒரு பட்டன அமுக்கித் தொலை. அப்பறம் நீ வெச்ச பாஸ்வேர்டக் கேக்கும், குடு."

எங்கள் ஷாப் ஃப்ளோரில் முதல் நாள் சொல்லித்தருவதே அதுதான். மெஷினில் புரியாத எச்சரிக்கை வந்தால் கையை எடு, தள்ளி நில், ஆளைக் கூப்பிடு. ஒரு முறை என் பக்கத்து மெஷின்காரர் எதையோ அழுத்தப்போய் டூல் உடைந்து, அவரை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு அது கட்டளை இல்லை, உடம்பின் பழக்கம். என் வீட்டில், என் மேஜைமேல் ஒரு பெட்டி நான்கு முறை அனுமதி கேட்டிருக்கிறது. கேட்டது என்னைத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லினக்ஸ்மேல் இருந்த கோபம் அப்படியே என்மேல் திரும்பியது. அவமானமாகவும் இருந்தது.

ஐந்தாவது முறை, எண் ஒன்பதுக்கு வந்ததும் அழுத்தினேன். பாஸ்வேர்டு கொடுத்தேன். கம்ப்யூட்டர் திறந்தது. ஃபிக்சர் கை போன போக்கில் சுழன்றது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வரைந்து முடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை டிசைன் பிரிவுத் தலைவி அதைத் திரையில் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பை ஏன் இடது பக்கம் வைத்தீர்கள் என்று கேட்டார்.

"வலது பக்கம் வெச்சா, பாகத்தை எடுக்கிறப்ப ஆபரேட்டர் கை இடிக்கும் மேடம்" என்றேன்.

கிளாம்ப் இருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அடுத்த மாசத்துலருந்து இங்க வந்துடுங்க" என்றார். பிறகு, "ஏன் இவ்வளவு நேரமா நின்னுட்டே இருக்கீங்க? உட்காருங்க" என்று எதிர் நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் இரண்டு காலும் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது.