ஊர்வலத்தில் விழுந்த இடைவெளி

சீலை கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

அப்போது நான் டூயிஸ்பேர்க்கில், றைன் நதிக்கரைத் துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் இருந்தேன். அதற்கு முன் வடகடல் ஓரத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். பிறகு ஹனோவரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு வேலை எங்கே கிடைத்ததோ அதுதான் ஊர். துறைமுகத்தில் கொள்கலன்களுக்குள் ஏறி மூட்டை இறக்குவது வேலை. முதுகு போனது, சம்பளம் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அங்கே மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், ஜேர்மன் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் தமிழ்ப் பூசை நடக்கும். பாடகர் குழுவில் என்னையும் பின்வரிசையில் நிறுத்தினார்கள். குரலுக்காக அல்ல. ஆர்மோனியப் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. குழுவை நடத்தியவர் யாழ்ப்பாணப் பட்டணத்து அக்கா ஒருவர். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தார். யாராவது சுருதி பிசகினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை அந்த நகரத்தில் கார்னிவல் ஊர்வலம் போகும். வங்கியில் வேலை செய்கிறவர் கடற்கொள்ளையர் ஆவார், ஆசிரியை தேனீ ஆவார். மேயரையும் மந்திரியையும் நக்கலடிப்பார்கள். அன்றைக்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அதுதான் விதி. எங்கள் பங்குக்கும் ஒரு வண்டி உண்டு. அதற்குப் பொறுப்பானவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற ஜேர்மன்காரர். கெட்ட மனிதர் இல்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது வந்தார்.

“இந்த முறை எங்கள் வண்டி கிழக்கு நாட்டு அரண்மனை. உங்கள் பெண்கள் இந்த அழகான உடுப்போடு மேலே நின்று கை காட்டினால் போதும். பாட்டுக்கு இசைத்தட்டு இருக்கிறது, நீங்கள் கஷ்டப்படத் தேவையில்லை.”

இந்த உடுப்பு என்று அவர் காட்டியது அக்கா கட்டியிருந்த சீலையை.

“நீங்கள் என்ன வேஷம்?” என்று அக்கா ஜேர்மன் மொழியில் கேட்டார்.

“நான் சுல்தான்.”

“உங்களுக்கு அது வேஷம். எனக்கு இது ஞாயிற்றுக்கிழமை.”

அவருடைய முகம் சிவந்தது. தொப்பியைக் கையில் சுற்றினார். விருப்பமென்றால் வண்டிக்கு முன்னால் தனிக் குழுவாக நடந்து வரலாம், ஒலிபெருக்கி மட்டும் தர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் குழுவில் கீழ்க்குரல் பாடும் அண்ணை ஒருவர் இருந்தார். நகரசபையில் தெருக் கூட்டும் வண்டி ஓட்டுகிறவர். கதவு சாத்தியதும் அவர் தொடங்கினார்.

“பேசாமல் கையைக் காட்டிப்போட்டு வந்திருக்கலாம் அக்கா. இப்ப குளிருக்கை நடந்தெல்லோ போகோணும்.”

“நடப்பம். வாயை மூடிக்கொண்டு இல்லை, பாடிக்கொண்டு.”

எதைப் பாடுவது? பியர் போத்தலோடு நிற்கிற கூட்டத்துக்கு நடுவில் தேவாலயப் பாட்டு ஏலாது. சினிமாப் பாட்டு அக்காவுக்கு ஏலாது. அப்போதுதான் நான் சொன்னேன்: “அம்பா பாடுவம்.”



கரைவலை இழுக்கும்போது பாடுவது அம்பா. மன்னார்க் கரையில் சின்ன வயதிலேயே நான் கயிறு பிடித்தவன். ஒருவர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ‘ஏலோ’ என்று ஒரே மூச்சில் இழுப்பார்கள். அடிகளை அந்த இடத்திலேயே கட்டவேண்டும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கரையில் நிற்கும்போதே அவருடைய கஞ்சத்தனத்தைப் பாடலாம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். பாட்டு நின்றால் வலை நின்றுவிடும். பட்டணத்தில் வளர்ந்த எங்கள் குழுவுக்கு இது பாட்டே இல்லை. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அண்ணை சொன்னார்.

“கோயில் குழு கரைவலைப் பாட்டுப் பாடுறதோ? எங்கடை ஆக்களும் றோட்டிலை நிப்பினம். வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புவினம். உவை எப்ப தொடக்கம் வலை இழுக்கினம் எண்டு கேப்பினம்.”

“நான் சின்னனிலை இருந்து இழுக்கிறன். அப்பிடியே சொல்லுங்கோ,” என்றேன். “பூசையிலை என்ரை குரல் உங்கடை குரலுக்குப் பக்கத்திலைதானே நிக்குது அண்ணை? றோட்டுக்குப் போனால் மட்டும் மீன் மணக்குதோ?”

“நான் வரமாட்டன்,” என்று அண்ணை எழும்பிவிட்டார். அக்கா ஆர்மோனியத்தை மூடினார்.

“ஒரு அடி பாடிக் காட்டும் பாப்பம்.”

பாடினேன். நடுவில் குரல் உடைந்தது. அக்கா அந்தப் பார்வையைப் பார்க்கவில்லை.

“இதுக்குப் பெட்டி தேவையில்லை,” என்றார். “கயிறு தேவை.”

கப்பலைக் கரையில் கட்டும் பழைய கயிறு ஒன்றை வேலைத்தலத்தில் கேட்டு வாங்கி வந்தேன். கயிற்றின் மறுமுனையில் ஒரு தள்ளுவண்டி, வண்டியில் ஒரு வலை, வலை நிறையக் கூட்டத்துக்கு வீசுவதற்கு இனிப்பு. வேஷம் என்ன என்று கேட்டவர்களுக்கு அக்காவே பதில் சொன்னார்: “கிழமை நாளிலை போடுற வேஷத்தையே போடுவம்.” அவர் சமையலறை வெள்ளைக் கோட்டும் தலை வலையும் போட்டு வந்தார். நான் துறைமுகத் தலைக்கவசத்தோடு வந்தேன். வரமாட்டேன் என்று சொன்ன அண்ணை, கூட்டுகிறவர்களுடைய செம்மஞ்சள் சட்டையோடு வந்து, கயிற்றின் கடைசியைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மழையும் பனியும் கலந்து பெய்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பித்தளை வாத்தியக் குழு, பின்னால் சுல்தானின் வண்டி. வாத்தியக் குழு படைநடையில் போனது. அதற்கு ஈடுகொடுத்து ஓடியதில் கயிறு தொய்ந்தது, பாட்டு துண்டு துண்டாகப் போனது. அம்பாவுக்குக் காலை ஊன்ற வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். அக்கா நின்றார்.

“இது வலை இழுவையோ, நாய் இழுவையோ? எங்கடை கால் வேகத்துக்கு இழுங்கோ.”

இழுத்தோம், ஊன்றினோம், இழுத்தோம். வாத்தியக் குழு தள்ளிப் போனது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் தெரு வெறுமையாகக் கிடந்தது. மஞ்சள் சட்டை போட்ட ஊர்வலப் பொறுப்பாளர் ஒருவர் ஓடி வந்தார். “இடைவெளி! இடைவெளியை மூடுங்கள்!” பின்னால் சுல்தானின் வண்டி ஹோன் அடித்தது. இப்படியே போனால் உங்களை ஊர்வலத்திலிருந்து வெளியே எடுத்துவிடுவேன் என்றார் மஞ்சள் சட்டைக்காரர்.

“அக்கா, கொஞ்சம் ஓடுவமே?” என்று அண்ணை கேட்டார்.

அடி எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். எனக்கு ஓர் அடியும் கட்ட வரவில்லை. அக்கா அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, பூசையில் ஒருநாளும் கேட்காத ஒரு குரலில் எடுத்தார்:

“மஞ்சள் சட்டைச் சம்மாட்டி…”

“ஏலோ!”

“மணிக்கூட்டை விழுங்கினவர்…”

“ஏலோ!”

“மீனுக்கே அவசரமில்லை…”

“ஏலோ!”

“உமக்கென்ன வயித்துக்குத்து…”

சிரிப்போடு இழுத்த இழுவையில் வண்டி துள்ளியது. அந்த மனிதருக்குத் தமிழ் விளங்கவில்லை. தன்னைத்தான் பாடுகிறோம் என்பது நன்றாக விளங்கியது. கார்னிவலில் கோபிக்கக் கூடாது. அவர் சிரிக்கவும் இல்லை. கையிலிருந்த வோக்கிடோக்கியில் ஏதோ சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். வாத்தியச் சத்தம் தேய்ந்த பிறகு, அந்தத் தெருவில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்டது. ஓரத்தில் நின்ற சிலர் கைதட்டினார்கள். சிலர் முதுகைக் காட்டிக்கொண்டு பியர் வாங்கினார்கள். ஒருவன், “வேகமாகப் போங்கள், இல்லாவிட்டால் உங்கள் நாட்டுக்குப் போங்கள்,” என்று கத்தினான். நாங்கள் இரண்டும் செய்யவில்லை.

அண்ணை சொன்னது போலவே வீடியோ ஊருக்குப் போனது. அக்காவுக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. ஒன்றை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “ஓம், நான்தான் பாடினனான். ஏன், நல்லா இல்லையோ?” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்த ஆண்டும் சுல்தான் வந்தார். எங்கள் வேகத்தால் ஊர்வலம் குலைந்ததாம். எல்லோருடைய வேகத்திலும் நடப்பதானால் பழைய இடம், இல்லாவிட்டால் எல்லா வண்டிகளுக்கும் பின்னால் கடைசி. கடைசியில் போனால் பார்ப்பதற்கு ஆட்கள் அதிகம் நிற்க மாட்டார்கள் என்று அக்கறையோடுதான் சொன்னார்.

“கடைசி,” என்றார் அக்கா. பிறகு எங்களைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: “எங்களுக்குப் பின்னாலை அவசரப்படுத்த ஆர் இருக்கினம்?”

“நான்தான்,” என்றார் அண்ணை. ஊர்வலத்தன்று, எல்லாவற்றுக்கும் பின்னால் வந்து தெருக் கூட்டும் வண்டியில் அவருக்கு வேலை போட்டிருந்தார்கள்.

சொன்னபடி கடைசியில் போனோம். பாதிக் கூட்டம் கலைந்திருந்தது, தெரு முழுக்க வண்ணக் காகிதமும் நசுங்கிய இனிப்பும். நான் அடி எடுத்தேன். முன்னால் இருந்தவர்கள் ‘ஏலோ’ என்றார்கள். பின்னாலும் ஒரு ‘ஏலோ’ கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அண்ணை வண்டிக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கூட்டும் தூரிகைகளைத் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கள் கால் வேகத்துக்கு வண்டியை உருட்டி வந்தார்.