நாக்கோடு நிற்கும் வெண்ணெய்

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய திங்கட்கிழமை காலையிலும் அத்தான் வெண்ணெயைத் துப்பிக்கொண்டுதான் இருந்தார். பேக்கரியின் பின்கட்டில், கழுவுதொட்டிக்கு முன்னால். புதிதாக வந்த பெட்டியிலிருந்து நகக்கண் அளவு எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடி மேலண்ணத்தில் தேய்த்தார். துப்பிவிட்டு வெந்நீரில் வாயைக் கொப்பளித்தார். "உப்பு சரியா இருக்கு. வாசம்தான் செத்துப்போச்சு. திருப்பி அனுப்பு" என்று வேலையாளிடம் சொல்லிவிட்டு என் பையைத் தூக்கிக்கொண்டார்.

அவர் என் அத்தை மகன், அக்காவைக் கட்டியவர். ஆக இரண்டு வழியிலும் அத்தான். கடையாட்களுக்கு அவர் காதுபட 'மாஸ்டர்', முதுகுக்குப் பின்னால் 'துப்பல் மாஸ்டர்'. அது அவருக்கும் தெரியும். "விழுங்குற மாஸ்டரா இருந்தா இந்நேரம் போட்டோவுல தொங்கியிருப்பேன்" என்பார்.

வெறும் பேச்சில்லை அது. நாம் தின்னும் கொழுப்பு நுண்ணிய துகள்களில் ஏறி ரத்தத்தில் போகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் காத்திருக்கும் ஒரு நொதி அதை உடைத்து உடம்புக்குக் கொடுக்கிறது. மிச்சத் துகளைக் கல்லீரல் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அத்தானுக்குப் பிறவியிலேயே அந்த நொதி இல்லை. "வெண்ணெ வண்டி வாசல்ல வந்து நிக்குது. இறக்கற ஆளு லீவு. பொறந்ததுலேருந்து லீவு." வண்டிகள் நிற்க நிற்க ரத்தம் பாலாக வெளுக்கும், கணையம் வீங்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுப்பார். இனிப்பு பக்கம் ஒதுங்கவும் வழியில்லை. சர்க்கரை மிஞ்சினால் கல்லீரலே அதைக் கொழுப்பாக்கித் தன் பங்குக்கு வண்டி அனுப்பிவிடும். "வெளிய எனக்கு எதிரியே கிடையாது. எல்லாம் உள்ள இருக்கறவங்கதான்" என்று சொல்லிக்கொண்டே காய்ந்த ரொட்டியைக் கடிப்பார்.

ஊரெல்லாம் சுற்றிவிட்டு இப்போது திரும்பி வந்திருக்கிறேன். அந்தக் கழுவுதொட்டியும் அவர் குனிகிற குனிவும் அப்படியே இருக்கின்றன. கேட்கும் கேள்வியும் அதேதான். வாடிக்கையாளர்களிடம் ருசி எப்படி என்று அவர் கேட்பதில்லை. அது அவருக்கே தெரியும். "தொண்டைல இறங்கும்போது எப்படி இருக்கு?" என்று கேட்பார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வெகுநேரம் யோசித்து, "ஒண்ணும் தெரியலையேப்பா, இறங்கிடுச்சு" என்றார். ஏதோ ரகசியத்தைக் கேட்டதுபோல அத்தான் தலையாட்டினார்.

அந்தத் திங்கட்கிழமை பேருந்து நிலையத்துக்கு அக்காவும் ஏழு மாத வயிற்றோடு வந்திருந்தாள். அத்தானிடமிருந்து பழுதான மரபணு ஒன்று பிள்ளைக்கு நிச்சயம் வரும். ஒன்றோடு நின்றால் பயமில்லை. ஆனால் அக்காவும் அதே குடும்பத்து ரத்தம். அவளிடமும் ஒன்று ஒளிந்திருந்து, அதுவும் போய்ச் சேர்ந்தால் பிள்ளைக்குத் தாய்ப்பாலே ஆகாது. முன்கூட்டியே சோதித்துப் பார்க்கச் சொன்ன டாக்டரிடம் அக்கா, "தெரிஞ்சுட்டா மட்டும்? திருப்பி அனுப்ப இதென்ன இவரோட வெண்ணெப் பெட்டியா?" என்று கேட்டாளாம். அதை அவள் எனக்குச் சொல்லிச் சிரித்தபோது அத்தான் சிரிக்கவில்லை. பையை ஏற்றிவிட்டு, "போற ஊர்லெல்லாம் சாப்பிட்டுட்டுச் சொல்லு" என்றார்.

சொன்னேன். கண்ணில் பட்ட பேக்கரியில் எல்லாம் தின்று, தொண்டையில் இறங்குவதைக் கவனித்து, குரல் பதிவாக அனுப்பினேன். பெண்பிள்ளை பிறந்ததும் அவரிடமிருந்து பதில் நின்றுபோனது. அவள் சில வாரம் தாய்ப்பால் குடித்தபின் எடுத்த ரத்தத்தை ஆய்வகத்தில் ஓர் இரவு குளிரில் வைத்தார்கள். கொழுப்பு தேங்கிய ரத்தமென்றால் மேலே ஆடை கட்டும். காலையில் டியூபின் படத்தை அத்தான் அனுப்பினார். அடியில் சிவப்பு, மேலே தெளிந்த மஞ்சள் நீர், ஆடை இல்லை.

வெகுநாள் கழித்து, பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாத ஒரு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது அக்காவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. உயரமான நாற்காலியில் பிள்ளை. அத்தான் நகக்கண் அளவு வெண்ணெய் எடுத்து அவள் நாக்கில் வைக்கிறார். துப்பினால் பிடிக்க, அவருடைய இன்னொரு கை தானாகவே அவள் மோவாய்க்குக் கீழே குவிகிறது. அவள் துப்பவில்லை. அந்தச் சின்னத் தொண்டை ஒருமுறை அசைகிறது. வெறும் வாயோடு அத்தானும் விழுங்குகிறார்.