மாமியாரை அடுப்படிக்கு அனுப்பிய நர்ஸக்கா

இன்று தென்காசி பஸ்ஸில் என் பக்கத்தில் இரண்டு நர்ஸ் பெண்கள். பிள்ளை பெற்றவளின் மனநிலையைக் கவனிப்பது பற்றிய பயிற்சி முடித்து வருகிறார்களாம்.

"தாய்கிட்ட தனியாப் பேசணும்னு ஈஸியாச் சொல்லுதாங்க. மாமியா எங்க நகருதாங்க?" என்றாள் ஒருத்தி.

"வெந்நி கேளுங்க" என்றேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

1983, இலஞ்சி, சாரல் காலம். எனக்கு முதல் பிள்ளை பிறந்து இருபது நாள். யாரோடும் பேசாமல் கொல்லைக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிள்ளையைப் பார்க்க வந்த நர்ஸக்கா, "ஆச்சி, கொஞ்சம் வெந்நி போட்டுக் கொண்டாங்க" என்று மாமியாரை அடுப்படிக்கு அனுப்பினார். ஈர விறகு. அரை மணி நேரமாவது ஆகும்.

கதவைச் சாத்திவிட்டு, "பிள்ள நல்லாருக்கு. நீ எப்படிட்டி இருக்க?" என்றார்.

அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

நான் தேறும்வரை வாரம் தவறாமல் வந்தார். அவருக்கு இதற்கென்று யாரும் பயிற்சி கொடுத்ததில்லை.

மாமியார் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்: "அந்த நர்சு ஒரு நாளாவது வெந்நியத் தொட்டிருப்பாளா?"

இப்போது எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு. வெந்நீர் இரண்டே நிமிஷத்தில் வந்துவிடுமே என்கிறார்கள் அந்தப் பெண்கள். வேறு என்ன கேட்கலாம், சொல்லுங்கள்.